கரைக்காற்று

அவளுடைய கால்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

கணுக்கால் அளவு தண்ணீரில் இரண்டு கால்கள். சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தாள். பக்கத்தில் கரி பிடித்த பெரிய கிடாரம் ஒன்று சரிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து எண்ணெய்ப் படலமும் நாலைந்து கறிவேப்பிலையும் மிதந்து வெளியே வந்து, கரையை விட்டு விலகி விலகிப் போயின.

றெஜினா தேய்ப்பதை நிறுத்தினாள். கறிவேப்பிலை போகும் திசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீருக்கு அடியில் பார்த்தாள்.

அடியில் நீளப் பாசிகள். கறிவேப்பிலை ஏரிப் பக்கம் போகிறது. பாசிகளோ எங்கள் பக்கம், கரைப் பக்கம், யாரோ தலைவாரி விட்டதுபோலச் சாய்ந்து கிடந்தன.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

திறந்ததற்கும் மூடியதற்கும் இடையில் ஒரு மூச்சு இருக்கும். அந்த ஒரு மூச்சுக்குள் என் மகளின் உயிர் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு இன்றுவரை, யாராவது பேச வந்து பேசாமல் விட்டால், நான் அவர்களை விடுவதில்லை.

காலையில் ஏரியிலிருந்து

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போன ஒரு கோடை. ஊரில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அப்போது, குடிபெயர்ந்து வந்த பிரெஞ்சு பேசும் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில், மூன்றாம் மாடியில், நான் வாழ்ந்த வீடுகளில் ஐந்தாவதில் இருந்தோம். எனக்கு ஒரு வீட்டில் கால் நிற்காது. அலுமாரியை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பேன். அதிலும் மனம் ஆறாவிட்டால் வீட்டையே மாற்றிவிடுவேன்.

கோடையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், எங்கள் தேவாலயப் பங்குச் சனம் முழுக்க புவாண்ட்-கிளேருக்குப் போகும். அங்கே ஆறு அகன்று அகன்று ஏரியாகிவிடுகிறது. நிலம் இரண்டு பக்கமும் கைநீட்டி, நடுவில் ஒரு சின்னக் குடா. குடாவுக்கு வெளியே, தூரத்தில், கப்பல் போகும் வழி. ஒரு கப்பல் போனால் ஒரு தெரு நகர்ந்து போவதுபோல இருக்கும்.

அன்று காலை காற்று ஏரியிலிருந்து வந்தது. சூடான, பிசுபிசுத்த காற்று. கரைக் கற்களில் அலை பளார் பளாரென்று அறைந்தது. நுரையும் பாசியும் கரையில் வந்து ஒதுங்கின. தண்ணீர் தேயிலைச் சாயத்தில் கலங்கிக் கிடந்தது.

"ஒருத்தரும் தண்ணிக்கை இறங்கப்படாது, சொல்லிப்போட்டன்!" என்றா பிலோமினா அக்கா. பங்கின் எல்லாச் சமையலுக்கும் எல்லாச் சம்பந்தத்துக்கும் அவதான் தலைவி. "எப்பிடி அடிக்குதெண்டு பாருங்கோ."

என் தம்பி, தான் வேலை செய்யும் கிடங்குக்குப் பக்கத்துக் கடையில், காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்று வாங்கியிருந்தான். மஞ்சள் நிறம். இரண்டு பிளாஸ்டிக் துடுப்பு. முன்மூக்கில் ஒரு கயிறு. காலை முழுக்க அது புல்லில் கிடந்தது. பிள்ளைகள் அதற்குள் ஏறியிருந்து புல்லைத் துடுப்பால் வலித்தார்கள்.

சாப்பாடு முடிந்தபோது காற்று நின்றது.

பிறகு எங்கள் பிடரியில் ஒரு குளிர் தொட்டது. நாங்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்து இருந்தோம். பின்னால், பியர்பொன்ட்ஸ் வீடுகளுக்கு மேலே, வானம் ஈரச் சாம்பலாகக் குழைந்துகொண்டிருந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தது தண்ணீரை மட்டும். அது இஸ்திரி போட்ட துணிபோல மட்டமாகிவிட்டது.

"இப்ப நல்லாப் போச்சு," என்றா பிலோமினா அக்கா. "இனிப் பிள்ளையளை விடலாம்."

அலை இருந்தால் பயம். அலை இல்லாவிட்டால் பயமில்லை. யாழ்ப்பாணத்தில் கடலைப் பஸ் ஜன்னலால் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடலைப்பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருத்திக்கு மட்டும் வேறு தெரியும். அவளைத்தான் நான் வாய் மூட வைத்திருந்தேன்.

அதிபரின் மகள்

றெஜினா என் தம்பியின் மனைவி. பேசாலைப் பெண். பேசாலை, மன்னார்த் தீவின் வடக்குக் கரை. தம்பி ஊருக்குப் போனவன் மடுத் திருவிழாவில் அவளைக் கண்டான். கட்டினால் இவளைத்தான் என்று அங்கிருந்து தொலைபேசியில் சொன்னான். தகப்பன் கடற்தொழில் என்றும் சொன்னான், வானிலை சொல்வதுபோல.

தம்பிக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சாதி பார்க்கிறவர்களைத் திட்டி இரண்டு கவிதைகூட எழுதியிருந்தேன்.

அடுத்த நாள் பிலோமினா அக்கா தொலைபேசி எடுத்தா. "பொம்பிளையின்ரை ஆக்கள் என்ன செய்யினம்?"

"தகப்பன் அங்கை பள்ளிக்கூடத்திலை அதிபரா இருந்தவர், அக்கா."

தும்மல் வருவதுபோல வந்தது. யோசித்துச் சொன்ன பொய் என்றால் திருத்தியிருக்கலாம். இது எலும்புக்குள் இருந்து வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு, என் வாயை நானே யாரோ ஒருத்தியின் வாய்போலக் கண்ணாடியில் பார்த்தேன்.

றெஜினா வந்து இறங்கிய கிழமை அவளுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதிபரோ! மச்சாள், அப்பு கையெழுத்து வைக்கிறதுக்கே மூச்சு வாங்குவார்."

நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஏன், கடற்தொழில் எண்டால் என்ன?"

"ஒண்டுமில்லை. இஞ்சை ஆக்கள் கதைப்பினம். உமக்குத்தான் கரைச்சல். வலை, வள்ளம், கடல் எண்டு ஆக்களுக்கு முன்னாலை கதையாதையும். அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். பிறகு ஒருநாள் மீன் கடையில், தன்னை மறந்து, ஒரு மீனின் செவுளை விரலால் விரித்துப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அதிபரின்ரை மகள் இப்பிடிப் பார்க்கமாட்டாள்," என்று காதுக்குள் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மீன் கடையில் அந்தக் கை வெளியே வரவேயில்லை.

தலையிடி

"ஒன் நீ வா, அம்மா! போவம்!" என் மகள் செலின் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் கத்திக்கொண்டு, படகை இழுத்தபடி ஓடி வந்தாள். ஒன்பது வயது. என் கணவருக்கு அன்று வேலை. தம்பி கார்களுக்குப் பக்கத்தில் ஆம்பிளைகளோடு அரசியல் கதைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சாள், வேண்டாம்," என்றாள் றெஜினா.

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு முழத் தூரத்தில் பிலோமினா அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தா. றெஜினா அவவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயை மூடினாள்.

"எனக்குத் தலையிடிக்குது."

"உமக்குத் தலையிடி எண்டால் நீர் இரும். நாங்கள் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறம்."

"பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ."

"பிள்ளைக்காகத்தானே போறதே!"

"தண்ணி குளிருது, மச்சாள். காலமை இப்பிடிக் குளிரேல்லை."

"அப்ப நல்லதுதானே. வெக்கைக்கு நல்லது."

அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரிந்ததை, தெரியாததுபோல, துண்டு துண்டாகக் கையில் தந்துகொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு துண்டையும் கீழே போட்டேன்.

நான் ஏறினேன். செலின் ஏறினாள். படகு தானாகவே கரையை விட்டு ஒரு முழம் நகர்ந்தது. ஒருவரும் தள்ளவில்லை.

அதைக் கண்டதும் றெஜினா பாய்ந்தாள். கழுவிக்கொண்டிருந்த கிடாரத்தை வைக்கக்கூட நிற்கவில்லை. அதையும் தூக்கிக்கொண்டு, தொடை வரை தண்ணீரில் நடந்து, எங்களுக்குள் வந்து விழுந்தாள்.

"பார், தலையிடி எண்டவ சட்டியோடை ஏறிட்டா!" பிலோமினா அக்கா சிரித்தா. கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு கோப்பைத் தேநீர்

கொஞ்சம் நிறுத்துகிறேன். படகு போகட்டும்.

இதை எழுதும் மேசையில் ஒரு கோப்பை வெறுந்தேநீர் இருக்கிறது. ஒரு பக்கம் வாயை வைத்து ஊதுகிறேன். மேலே இருக்கும் நுரை அந்தப் பக்க விளிம்புக்கு ஓடுகிறது. ஆனால் அடியில் கிடக்கும் தேயிலைத் தூள் மெல்ல மெல்ல என் பக்கம் ஊர்கிறது.

இதுதான் முழுக் கதையும். றெஜினா எனக்குப் பிறகு விளங்கப்படுத்தியது. காற்று மேல்தண்ணீரைத் தள்ளும். தள்ளிய தண்ணீருக்குப் போக இடமில்லை. முட்டிக் குவிந்து, கீழே இறங்கி, அடிவழியாகத் திரும்பி வரும். குடாவில் எப்போதும் இரண்டு தண்ணீர். ஒன்று காற்றோடு போகும். மற்றது காற்றுக்கு எதிரே வரும்.

கடலிலிருந்து காற்று வந்தால் மேல்தண்ணீர் கரைக்கு வரும். அலை சத்தம் போடும், பயம் காட்டும். ஆனால் மிதக்கிறதைக் கரையில் கொண்டுவந்து போடும்.

தரையிலிருந்து காற்று வந்தால் மேல்தண்ணீர் வெளியே போகும். வெயிலில் சூடான தண்ணீரெல்லாம் போக, அடியிலிருந்து குளிர்தண்ணீர் கரைக்கு ஏறும். கால் குளிரும். பாசி கரைப் பக்கம் சாயும். அலை மட்டும் இராது. ஏனென்றால் காற்று ஓடினால்தான் அலை வளரும். கரையடியில் அதற்கு ஓட இன்னும் இடம் கிடைக்கவில்லை. அரை மைல் தள்ளிப் பாருங்கள், அங்கே வளர்ந்திருக்கும்.

அன்று இன்னொன்றும் சேர்ந்தது. காலை முழுக்கத் தெற்குக் காற்று எங்கள் கரையில் தண்ணீரைக் குவித்து வைத்திருந்தது. காற்று கையை எடுத்ததும் அந்தக் குவியல் சரிந்து திரும்பியது. சரிகிற தண்ணீரின் முதுகில், வடமேற்கிலிருந்து வந்த புயல் கைவைத்துத் தள்ளியது.

பேசாலையில் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தாய்மார் பிள்ளைகளைக் கரையில்கூட மிதக்க விடமாட்டார்களாம். அங்கே அது தரையிலிருந்து வரும் காற்று. "கரைக்காத்து," என்று சொல்வார்களாம், குரலைத் தாழ்த்தி.

அந்த ஒரு சொல்லை அவள் கரையில் சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால், அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று பிலோமினா அக்கா கேட்டிருப்பா.

நீதான் பாய்

முதல் பத்துத் தரம் துடுப்பு வலித்தது இன்பமாக இருந்தது. துடுப்பே தேவையில்லை. தண்ணீர் எங்களை உபசரித்துக் கூட்டிக்கொண்டு போனது.

றெஜினா மற்றத் துடுப்பைப் பிடித்து எதிர்ப்பக்கம் வலித்தாள். "திருப்புங்கோ. இப்பவே திருப்புங்கோ." திருப்பினோம். படகின் மூக்குக் கரையைப் பார்த்தது. ஆனால் கரை சின்னதாகிக்கொண்டே போனது.

நான் வலித்தேன். பிளாஸ்டிக் வளைந்தது. தோள் எரிந்தது. சட்டைகள் நிறங்களாகின. நிறங்கள் புள்ளிகளாகின.

குடாவின் வாயைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. ஈய நிறம். அங்கே அலை இருந்தது. சின்ன அலைதான், ஆனால் நெருக்கமான, பல்லுப் பல்லான அலை. ரப்பர் அதன்மேல் விட்டு விட்டு அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் உள்ளே ஒரு கை தண்ணீர்.

நாங்கள் கத்தினோம்.

இன்றும் என்னை உலுக்குவது இதுதான்: அவர்களுடைய சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. காற்று அங்கிருந்து வந்ததால். "ஐஸ்பெட்டியை ஆர் எடுத்தது?" என்று பிலோமினா அக்கா கேட்பது கேட்டது. ஒரு குழந்தை அழுவது கேட்டது. யாரோ ஒரு பழைய பாட்டைப் பிழையாகப் பாடுவது கேட்டது. எங்கள் அலறல் மட்டும் அவர்களுக்குப் போகவில்லை. அதை எங்கள் வாயிலிருந்தே பறித்துப் பின்னால் எறிந்தது காற்று. செத்த பிறகு வீட்டுச் சத்தம் இப்படித்தான் கேட்குமோ என்று நினைத்தேன். கையை ஆட்டினோம். அவர்களும் ஆட்டினார்கள், சந்தோசமாக.

நான் எழுந்து நின்றேன். நின்றால் தெரியும் என்று நினைத்தேன். படகு ஒரு பாய்ச்சல் பாய்ந்தது.

என் பாவாடையைப் பிடித்து யாரோ கீழே இழுத்தார்கள். முதுகு ரப்பரில் மோதியது.

"படு! நிமிர்ந்து இருந்தால் காத்துக்கு நீதான் பாய்! பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு படு!"

றெஜினா. அதுவரை என்னோடு தாழ்ந்த குரலில், மரியாதையாக மட்டும் கதைத்தவள். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதேயில்லை. மூன்று வருடமாக அவளுக்குள் எங்கே வைத்திருந்தாளோ.

படுத்தேன். செலினை வயிற்றோடு அணைத்தேன். அவள் இதயம் என் விலாவில் கோழிக்குஞ்சுபோலத் துடித்தது.

றெஜினா முழங்காலில் நின்று முன்மூக்குக் கயிற்றை அவிழ்த்தாள். கிடாரத்தின் இரண்டு காதுக்குள்ளாலும் கோத்தாள். கயிறு போதவில்லை. தன் சால்வையை முடிந்தாள். என் சால்வையை என் கழுத்திலிருந்து உருவி முடிந்து, கடைசி நுனியைப் படகின் மூக்கில் கட்டினாள். முடிச்சுப் போட்ட கை எனக்குத் தெரிந்த றெஜினாவின் கை இல்லை. விரல்கள் தாமாகவே வேலை செய்தன.

"என்ன செய்யிறீர்?"

"மேல்தண்ணி எங்களைக் கொண்டுபோகுது. கீழ்த்தண்ணி கரைக்குப் போகுது. அதைப் பிடிக்கவேணும்."

கிடாரத்தைச் சரித்துத் தண்ணீர் குடிக்க வைத்தாள். அது ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. கயிறு ஓடியது. இரண்டு சால்வையும் ஓடின. பிறகு விண்ணென்று இழுபட்டது.

படகின் மூக்கு திரும்பிக் காற்றைப் பார்த்தது. கட்டிப்போட்ட மாடுபோல, முறுகிக்கொண்டு நின்றது.

"செலின், அங்கை முனையிலை காத்தாலை தெரியுதே? அதுக்குப் பின்னாலை கோயில் கூரை. ரெண்டும் விலகுதோ, ஒட்டுதோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

செலின் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "விலகுது, மாமி."

"இப்ப?"

"கொஞ்சம் விலகுது."

"இப்ப?"

நீண்ட நேரம். அலை இரண்டு அறைந்தது.

"சா பூஜ் பா, மாமி. அசையேல்லை."

அப்போதுதான் மழை வந்தது. அது நடந்து வருவதைக் கண்டோம். கரை முதலில் போனது. பிறகு மரங்கள். பிறகு காற்றாலை. வெள்ளைச் சுவர் ஒன்று எங்கள் மேல் வந்து ஏறியது. இடி தலைக்குமேல் அல்ல, தண்ணீருக்கு உள்ளே இடித்ததுபோல இருந்தது. இனிப் பார்க்க ஒன்றுமில்லை. கப்பல் போகும் வழி எங்கே? எங்களுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில்? ஒரு கப்பல் இந்த மழைக்குள் வந்தால், அதன் அடியில் போகிறவர்களை அதற்குத் தெரியுமா?

நான் 'அருள் நிறைந்த மரியே' என்று கத்தத் தொடங்கினேன்.

"மனசுக்குள்ளை சொல்லுங்கோ, மச்சாள். நான் கயித்தைக் கேக்கவேணும்."

கயிற்றில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, நாடி பார்ப்பதுபோல, அவள் இருந்தாள். குனிந்து, தலையைத் தன் முழங்காலில் வைத்து, காற்றுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்து. விரல் சொல்வதற்கேற்பக் கயிற்றை ஒரு சாண் விட்டாள். ஒரு சாண் இழுத்தாள். ஒருமுறை மட்டும், யாரிடமும் இல்லாமல், சொன்னாள்: "அப்பு ஒருக்கா இப்பிடி ஒரு பகல் முழுக்கக் கிடந்தவர். சோத்துப் பானையையும் உடுத்திருந்த சாரத்தையும் கட்டி இறக்கிப்போட்டு."

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். செலின் அரை மணித்தியாலம் என்கிறாள். என் கணக்கில் அது இன்னும் முடியவில்லை.

மழை போனபோது முனை தெரிந்தது. அது எங்களுக்கு முன்னால் இல்லை, பக்கத்தில் இருந்தது. மழைக்குள் நாங்கள் மேலும் வெளியே போயிருக்கவில்லை. அடித்தண்ணீர் எங்களை அங்குலம் அங்குலமாக, சாய்வாக, முனையடிக் கோரைப் பற்றைக்குக் கிட்டே கொண்டுவந்து வைத்திருந்தது.

கரையோர வீட்டிலிருந்து நரைத்த மனிதர் ஒருவர் மோட்டார்ப் படகில் வந்தார். நாங்கள் படுத்திருந்ததால் படகை வெறும் படகென்று நினைத்தாராம். பிறகு செலினின் கையைக் கண்டாராம். கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தவர், பாசி நிரம்பிய கரிக் கிடாரம் ஒன்று ஏரியின் அடியிலிருந்து வருவதைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு றெஜினாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பா பெத், மதாம். பா பெத் து தூ."

"என்னவாம்?" என்றாள் றெஜினா. பல்லுக் கிட்டியிருந்தது.

"நீங்கள் கெட்டிக்காரியாம், மாமி," என்றாள் செலின்.

கரையில்

கம்பளிகள். அழுகை. தம்பி அவளைக் கட்டிக்கொண்டு, அவள் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். செலின் நின்று முழுக் கதையையும் மூன்று மொழியில் சொன்னாள்: பாய், கிடாரம், கீழ்த்தண்ணி, காத்தாலை.

சனம் வாயைப் பிளந்து கேட்டது.

"அது சரி," என்றா பிலோமினா அக்கா. ஒரு கையால் றெஜினாவின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டா. கெட்ட எண்ணமில்லை. உண்மையான ஆச்சரியம். "உதெல்லாம் எங்கை பழகினனீர், பிள்ளை?"

எல்லோரும் திரும்பினார்கள்.

றெஜினா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. மிரட்டவில்லை. பதிலை என் கையில் வைத்துவிட்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது.

இப்போது நான் சொல்லலாம். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் ஒரு மனிதருக்குக் கிடைக்காது. என் பிள்ளை உயிரோடு என் பக்கத்தில் நிற்கிறாள். நான் மூச்சை இழுத்தேன்.

தண்ணீரில் பயந்தது ஒரு பயம். அது உடம்பின் பயம், நேர்மையான பயம். இது வேறு. முப்பது நாற்பது முகங்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள்.

"அவவின்ரை அப்பா அதிபரெல்லே," என்றேன். "பூமிசாஸ்திரம் படிப்பிச்சவர்."

"அதுதானே பார்த்தன்!" பிலோமினா அக்கா பெருமையாகச் சனத்தைப் பார்த்தா. "படிச்ச ஆக்களின்ரை பிள்ளையள் எண்டால் உதுதான்."

றெஜினாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காரை நோக்கி நடந்தாள். தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் கிடையாது.

அடுத்த கோடை அவர்கள் பங்குச் சுற்றுலாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த கோடையும் இல்லை. பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போனார்கள். நத்தார்ப் பண்டிகைக்குப் போவேன்; நன்றாகவே உபசரிப்பாள். மேல்தண்ணீர் மாதிரி, எல்லாம் மட்டமாக இருக்கும்.

போன செவ்வாய்

வாரப் பத்திரிகையில் நான் எழுதிவரும் தொடரின் இந்த அத்தியாயத்தை எழுதுமுன் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுதலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. நின்றது.

"பேரை மாத்திப்போட்டோ எழுதப்போறியள்?"

"ஓம். வேறை பேர், வேறை ஊர் வைக்கலாமெண்டு..."

"இன்னும் பயமோ, மச்சாள்?"

நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன்.

"என்ரை பேரையே போடுங்கோ," என்றாள். "பேசாலை எண்டே போடுங்கோ."

"பிலோமினா அக்காவும் இதை ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறவ, றெஜினா."

"வாசிக்கட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கட்டும்." பிறகு, பழைய றெஜினாவின் குரலில்: "காத்தை மட்டும் மாறி எழுதிப்போடாதைங்கோ. நீங்கள் கவிதைக்காரி. எல்லாக் காத்தையும் தென்றலாக்கிப்போடுவியள்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்புவின்ரை பேரையும் போடுங்கோ," என்றாள்.

போடுகிறேன்.

அவர் பெயர் சவிரிமுத்து. பேசாலையில் கடற்தொழில் செய்தவர். எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவர் அதிபராக இருந்ததில்லை. அப்படிச் சொன்னவள் நான், இரண்டு தரம். இரண்டாவது தரம் சொன்னபோது, அவர் மகள் காப்பாற்றித் தந்த என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.